எதிரே வந்தவன் விளக்கடித்தது எதற்கு

அன்பு மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்குப் புத்தி சொல்லி நாலு பக்கம் எழுத உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்றால் நலமாகத்தான் இருக்கிறாய். உன் கடிதத்தை உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கொத்தவரங்காய் நறுக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் காய் நறுக்கினால் என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை கோர்ட்டில் கேஸ். போன கடிதத்தில் உனக்கு எழுதியபடியே சாட்சிக் கூண்டில் ஏறி, காலாப்பட்டு ரோட்டில் டெம்போ கவிழ்ந்ததற்குக் காரணம் அதை ஓட்டியவன் இல்லை, விளக்கை இறக்காமல் எதிரே வந்து அவன் கண்ணைக் குருடாக்கிய நான்தான் என்று சொல்லப் போகிறேன். வேண்டாம் என்கிறாய். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறதாம். சம்பந்தி வீட்டார் கடலூரில் நாலு பேர் மதிக்க வாழ்கிறவர்களாம். போலீஸில் முதலில் என்ன எழுதிக் கொடுத்தேனோ அதையே சொல்லிவிட்டு வீட்டுக்கு வரவேண்டுமாம். அவனுக்கு என்ன, அபராதம் போட்டு விட்டுவிடுவார்கள் என்று வேறு எழுதியிருக்கிறாய். பேங்கில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாமே அபராதத்தோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. முடியாது என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் ஏன் முடியாது என்று உனக்குத் தெரியவேண்டும். கல்யாணம் ஆகப்போகிறவன், நாளைக்கு நீயும் ஒரு வண்டி வாங்குவாய். பொறுமையாகப் படி.

நான் வண்டி ஓட்டக் கற்றது முசே வீட்டில். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் பெரிய குமாஸ்தாவாக இருந்தவர். அவர்கள் கொடி இறங்கிய பிறகும் அவர்களுடைய பென்ஷனை வாங்கிக்கொண்டு, அவர்களுடைய ரொட்டியைத் தின்றுகொண்டு, நம்மைப் போல மீன்குழம்புக்கும் ஆசைப்பட்டுக்கொண்டு இருந்த தமிழர். அவருடைய பழைய பெஜோ காருக்கு முன்விளக்கு மஞ்சளாக எரியும். பிரான்சில் சட்டமே அப்படித்தானாம். எதிரே ஒரு வண்டி தெரிந்தால் போதும், பின் சீட்டிலிருந்து, "கோத்! கோத்!" என்பார். விளக்கைத் தாழ்த்து என்று அர்த்தம். ஊரில் மற்ற டிரைவர்கள் 'டிம் அடி' என்பார்கள். எனக்கு இன்றைக்கும் 'கோத்' என்றால்தான் கால் நகரும். சட்டப் புத்தகத்துக்கும் பிரெஞ்சில் அதே பேர்தான் என்று ஒரு நாள் அவரே சொன்னார். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்காதே என்பதுதான் முதல் சட்டம், அதனால்தான் இரண்டுக்கும் ஒரே பேர் என்றார். அது நிஜமா, முசேயின் கைச்சரக்கா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வண்டியில் இருந்தவரை யாரும் எனக்கு எதிரே விளக்கடித்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு ஏறிப்போயிற்று. இறங்கவே இல்லை.

எதிரே வருகிறவன் எதற்கு விளக்கடிக்கிறான் என்று தெரியாமல் ஆயிரம் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். சில சமயம் போலீஸ் நிற்கிறது என்றும், மாடு படுத்திருக்கிறது என்றும் அடிப்பார்கள். பட்டப்பகலில் அடித்தால் உன் விளக்கு வீணாக எரிகிறது என்று அர்த்தம். இருட்டிய பிறகு அடித்தால் பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஐயா, எனக்குக் கண் தெரியவில்லை.' முதல் தடவை அடிப்பது விண்ணப்பம், இரண்டாம் தடவை அடிப்பது திட்டு. மூன்றாவதாக முழு விளக்கையும் போட்டபடியே வந்தானென்றால் அவனும் பழிவாங்கக் கிளம்பிவிட்டான், இரண்டு குருடர்கள் ஒரே ரோட்டில் வருகிறார்கள் என்று பொருள். பளீரென்ற வெளிச்சம் முகத்தில் பட்டு விலகினால் கண் பழையபடி திரும்ப இரண்டு மூன்று விநாடி பிடிக்கும். வயதானவனுக்கு இன்னும் கூடப் பிடிக்கும். அதற்குள் வண்டி எத்தனை தூரம் ஓடிவிடும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், கணக்கில் புலிதானே நீ. அந்தத் தூரம் முழுக்க அவன் ஓட்டுவது கண்ணை மூடிக்கொண்டுதான்.

நீ ரெண்டாங் கிளாஸ் படித்தபோது ஒரு தடவை உன்னை முன் சீட்டில் உட்காரவைத்து விழுப்புரம் கூட்டிப்போனேன். முசே ஊரில் இல்லை, வண்டியைப் பட்டறையில் காட்டிவரும் சாக்கு. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு லாரி எதிரே வந்து ரெண்டு தடவை விளக்கடித்தது. "ஏம்ப்பா அந்த லாரி கண்ணடிக்குது?" என்று கேட்டாய். "நமக்கு வணக்கம் வைக்கிறாருடா" என்றேன். நீயும் சந்தோஷமாக அந்த லாரிக்குக் கை ஆட்டினாய். அவன் வணக்கம் வைக்கவில்லை. உன்னோடு கதை பேசிக்கொண்டே நான் விளக்கை இறக்க மறந்துவிட்டேன், அதற்குத்தான் அவன் திட்டினான். மகன் முன்னால் திட்டு வாங்கியதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. சின்னப் பொய்தான். ஆனால் தப்பு என்னுடையதாக இருக்கும்போது எதிரே இருக்கிறவனை வைத்து ஒரு கதை கட்டுகிற பழக்கம் எனக்கு அன்றே இருந்திருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முசே பிரான்சுக்கே போய்ச் சேர்ந்த பிறகு நான் இந்த அம்பாசிடரை வாங்கியதும், நெல்லித்தோப்பிலிருந்து ஊர் முழுக்கச் சவாரி ஓட்டி உன்னைப் படிக்கவைத்ததும் உனக்குத் தெரியும். இந்தக் காரில் டிம் சுவிட்சு கையில் இல்லை, காலில். கிளட்சுக்கு இடதுபக்கம் தரையில் ஒரு குமிழ். இடது காலால் ஒரு அழுத்து அழுத்தினால் விளக்கு இறங்கும், இன்னொரு அழுத்தில் ஏறும். விளக்கு ஏறியிருந்தால் மீட்டர் பெட்டியில் ஒரு நீல விளக்கு எரியவேண்டும். அது ஃபியூஸ் போய் எத்தனையோ வருஷம். மெக்கானிக் மாற்றட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "எனக்கா? போய்க் கத்துக்குட்டிக்கு மாட்டு" என்றேன்.

சர்க்கரை வியாதி வந்த பிறகு இடது கால் செருப்பு அடிக்கடி கழன்றுபோகும். நான் பாட்டுக்கு நடப்பேன். பின்னாலிருந்து உன் அம்மா, "ஏங்க, ஒத்தச் செருப்போட எங்க போறீங்க?" என்று எடுத்துவந்து போடுவாள். சிரித்துக்கொள்வோம். பாதம் மரத்துப் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். செருப்பு கழன்றது தெரியாத கால்தான் சுவிட்சையும் அழுத்துகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயத்தில்தான் எதிரே வருகிற வண்டியெல்லாம் எனக்கு விளக்கடிக்க ஆரம்பித்தது. பஸ் அடிப்பான், லாரி அடிப்பான், கல்யாணக் கோஷ்டி ஏற்றிவருகிற வேன்காரன்கூட அடிப்பான். காலம் கெட்டுவிட்டது, ஹாலஜன் பல்பு மாட்டியவனெல்லாம் டிரைவர் ஆகிவிட்டான் என்று நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன். போன பொங்கல் லீவில் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாம்ப்பா, மேனர்ஸே இல்ல" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பன் சொன்னதை நம்பினாய்.

அன்றைக்கு மரக்காணத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலாப்பட்டு தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே டவுனிலிருந்து அந்த டெம்போ வந்தது. மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்புகிற பெண்கள் ஐந்தாறு பேர் அதில். அவன் ஒரு தடவை விளக்கடித்தான். நான் காலை அழுத்தினேன், அழுத்தினதாக நினைத்தேன். மறுபடி அடித்தான், மறுபடியும் அடித்தான். 'நான் இறக்கிவிட்டேன், இன்னும் என்னடா உனக்கு?' என்று எனக்குக் கோபம் வந்தது. வேகத்தைக் குறைத்திருக்கலாம். ஓரம் கட்டியிருக்கலாம். முசேயிடம் படித்தவன் டெம்போக்காரனுக்காக ஓரம் கட்டுவதா என்று நேராக வந்தேன். அவன் என்னைத் தாண்டியதும் ரோட்டை விட்டு மணலில் இறங்கிச் சவுக்குத் தோப்போரம் சாய்ந்துவிட்டான்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன், அதை மறைக்கவில்லை. பூங்காவனம் என்ற அம்மாளுக்கு வலதுகை மணிக்கட்டு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அவர்களை என் காரில் ஏற்றும்போதே அவனோடு சண்டையும் போட்டேன். கலியபெருமாள் என்று பேர், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருப்பான். "லைட்ட எறக்கு எறக்குன்னு எத்தினி தபா அடிச்சேன்! கண்ணே தெரிலயேய்யா எனக்கு!" என்று கத்தினான். "எறக்கிட்டுத்தான்டா வந்தேன்! முப்பது வருசமா ஓட்டுறேன், எனக்கா சொல்லித்தர்ற? குடிச்சிருக்கியா?" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனித்துக்கொள். கோபத்தில் வந்தது. அவன் மேல் வாடைகூட அடிக்கவில்லை.

போலீஸில் இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தோம். என் வெள்ளைச் சட்டையையும் நரைத்த தலையையும் பார்த்து எனக்கு நாற்காலி போட்டார்கள். அவன் நின்றுகொண்டிருந்தான். நான் இருநூறு அடிக்கு முன்னாலேயே விளக்கைத் தாழ்த்திவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் மேல் கேஸ் ஆயிற்று. லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டெம்போ முதலாளி அவனை நிறுத்திவிட்டார்.

கேஸ் தேதி வந்ததும் கோர்ட்டில் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஆமாம், சிரி. விளக்கு வைத்த நேரத்தில் நம் தெருக்கோடிக் குடோன் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, உன் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, "பாரு, நான் எப்படி எறக்குறேன்னு" என்று சொல்லிவிட்டு முழு விளக்கையும் போட்டேன். கோத் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை அழுத்தினேன்.

"எறங்கிச்சா?" என்றேன்.

"இல்லீங்க."

"சரியாப் பாரு. எறங்கியிருக்கும்."

"நான் குருடா? அப்படியேதாங்க எரியுது."

மறுபடி அழுத்தினேன். மறுபடி. சுவரில் வெளிச்சம் அசையவில்லை. வயரில் கோளாறு என்றேன். அவள் வந்து கார் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தாள். "எங்க அழுத்துறீங்க? காலு பாயில கெடக்குது. குமிழு இந்தாண்ட இருக்குது." அவளே கையால் அந்தக் குமிழை அழுத்தினாள். சுவரில் வெளிச்சம் சட்டென்று இறங்கிற்று. சுவிட்சுக்கும் வயருக்கும் ஒன்றுமில்லை. என் கால் நாலு விரற்கடை தள்ளி, வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவள் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷமாக ரோட்டில் வந்தவனெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறான். ஒருத்தன்கூடத் திமிரில் சொல்லவில்லை. திமிர் என்னிடம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, மகனே. வெட்கத்தில் வந்த அழுகை.

மறுநாள் காரை எடுக்கவில்லை. பஸ் பிடித்து அந்தப் பையன் வீட்டைத் தேடிப் போனேன். இப்போது சவுக்குக்கட்டை லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிறான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலைத் தொட்டுக் கும்பிடுவான், 'பரவாயில்ல பெரியவரே' என்பான் என்று உள்ளுக்குள் நினைத்துத்தான் போயிருக்கிறேன் போலிருக்கிறது. அவன் உட்காரென்றுகூடச் சொல்லவில்லை.

"இத்த எங்கிட்ட எதுக்குச் சொல்ற பெருசு? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே," என்றான்.

"மன்னிச்சிக்க தம்பி."

"மன்னிக்கிறதுல இன்னா இருக்குது? லைசென்சு போனா போவுது, நான் கட்ட சொமந்து பொழச்சிக்குவேன். கை ஒடஞ்சிதே அந்தப் பூங்காவனம், அது எனக்குச் சொந்த அத்தை. நீ அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டியே, குடிச்சிருக்கியான்னு. அதக் காதால கேட்டுட்டு, இவன் குடிச்சிட்டு ஓட்டித்தான் என் கை போச்சின்னு ஊரு முழுக்கச் சொல்லிக்கினு கெடக்குது. எங்க அம்மா என் மூஞ்சப் பாக்க மாட்டேங்குது. அந்தப் பேச்ச நிறுத்த முடியுமா உன்னால?"

"நான் வேணா அந்த அம்மாகிட்ட வந்து சொல்றன்."

"நீ சொன்னா, காசு குடுத்து இழுத்தாந்துட்டான்னு சொல்லும். கோர்ட்டுல சொல்லு. ஜட்ஜி எதிர்ல, அத்தையும் சாட்சிக்கு வரும், அது காதுல வுழுற மாதிரி சொல்லு. அங்க சொல்ல தில்லு இல்லன்னா, இங்க வந்து அழுவாத. போ."

போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். என் ஆயுசில் யாரும் என்னிடம் அவ்வளவு மரியாதையில்லாமல் பேசியதில்லை. அவ்வளவு நியாயமாகவும் பேசியதில்லை.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். வயதாகிவிட்டது, காரை விற்றுவிட்டு வீட்டில் இருங்கள் என்கிறாய். அதற்கு நீ சொல்லவேண்டியதில்லை. சுவருக்கு முன்னால் நின்ற அன்றே சாவியை உன் அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்துவிட்டேன். லைசென்சைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய் நீதிபதி மேஜையில் வைக்கப் போகிறேன். யாரும் வந்து பிடுங்கும்வரை காத்திருக்கிற பழக்கம் எனக்கில்லை. முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னால் என்மேலேயே கேஸ் திரும்பலாம் என்று உனக்குத் தெரிந்த வக்கீல் சொன்னாராம். திரும்பட்டுமே. கேஸ் இப்போதுதான் சரியான ஆள்மேல் திரும்பும். ஞாபகமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு. கால்தான் மரத்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது.

சம்பந்தி என்ன நினைப்பார் என்கிறாய். என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். கோர்ட்டில் உண்மையைச் சொன்ன மாமனார் வீட்டுக்கு வாழ வர அந்தப் பெண்ணுக்குப் பயமாக இருந்தால், பொய் சொன்ன மாமனார் வீட்டுக்கு வர இன்னும் பயமாக இருக்கவேண்டும். அதை அவளிடமே கேட்டுப் பார். நீ கேட்கமாட்டாய். உனக்கு அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று பயம். அப்பனிடம் 'பேசாமல் இருங்கள்' என்று எழுதுவது சுலபம், கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் 'என் அப்பா ஒருவனுக்குத் தீங்கு செய்துவிட்டார்' என்று சொல்வது கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பட்டுவிடு. உனக்கு நான் சொல்கிற கல்யாணப் புத்திமதி இவ்வளவுதான். வீட்டில் அவள் ஒரு தடவை முகத்தைச் சுளித்தால் திமிர் என்று நினைக்காதே. உன் வெளிச்சம் அவள் கண்ணில் அடிக்கிறதோ என்று முதலில் பார். நான் உன் அம்மாவிடம் அப்படி எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கேட்காதே, வெட்கமாக இருக்கிறது.

கொத்தவரங்காய் நறுக்கி முடித்துவிட்டு அவள் வந்தாள். "நீங்க போய்ச் சொல்லுங்க. நானும் வரேன். அந்தப் பூங்காவனம் பக்கத்துல ஒக்காந்துக்குறேன்," என்றாள். உன் கடிதத்துக்கு அவளுடைய பதில் அது. தனியாக எழுதமாட்டாள்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலத் தபால் எடுத்துப்போன பிறகுதான் இதைப் பெட்டியில் போடப் போகிறேன். வேண்டுமென்றேதான். நீ லீவு போட்டு ஓடிவந்து என்னைத் தடுக்கவோ, தந்தி அடிக்கவோ வழி இருக்கக்கூடாது. இது உன் கைக்கு வரும்போது நான் கூண்டில் ஏறி இறங்கியிருப்பேன். அந்தப் பையன் குடிக்கவில்லை, கண் தெரியாமல் என்னிடம் மூன்று தடவை கெஞ்சினான், நான் இறக்கவில்லை என்பதை அவன் அத்தை காதால் கேட்டிருப்பாள். அதற்குப் பிறகு உன் கல்யாணத்தில் என்னை மணவறைக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதா, கடைசி வரிசையில் உட்காரவைப்பதா என்பதை நீ முடிவு செய். எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருகிறேன். ஆனால் வருவேன். எனக்குப் பத்திரிகை அனுப்பாவிட்டாலும் வருவேன்.

உன் அப்பா